சமையலறையில் எதற்கு நாற்காலி?

"சார் வரலையா மேடம்?"

மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, பாதி எழும்பி நின்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகத்தில் என்னை வரவேற்ற முதல் வாக்கியம் இது. அதற்கடுத்த ஏழெட்டு மாதங்களில் சோழிங்கநல்லூரிலும் தாம்பரத்திலும் வண்டலூரிலும் இதே கேள்வி என்னைத் துரத்தியது. கேட்ட யாரும் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், என் சம்பளச் சான்றிதழை மதிப்போடு புரட்டினார்கள். விலையைச் சொல்லும் நேரத்தில் மட்டும் அவர்களுடைய கண்கள் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடின. "சார் ஒரு தடவை வந்து பார்த்துட்டா முடிச்சிடலாம் மேடம்."

கணவரைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று முதல் இரண்டு இடங்களில் சொன்னேன். மூன்றாவது இடத்தில், "சார் ஊர்ல இல்லை" என்று சொல்லிவிட்டேன். வகுப்பறையில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள் இப்படி ஒரு பொய்யைச் சொன்னாள் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அம்மாவும் நானும் ஐந்து வாடகை வீடுகள் மாறியிருந்தோம். "ஆம்பிளைத் துணை இல்லாத வீட்டுக்கு யார் யார் வருவாங்க?" என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஏதாவது ஒரு விதத்தில் கேட்டிருந்தார். யாரும் அப்படிக் கேட்க முடியாத ஒரு கதவு வேண்டும் என்றுதான் கடன் வாங்கத் துணிந்தேன். அந்தக் கதவை விற்கிற இடத்திலும் அதே கேள்வி எனக்கு முன்னே போய் நின்றிருந்தது.

புதிதாகக் கட்டிய வீட்டில் வாங்குகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்? சென்னையில் முதல் கேள்வி தண்ணீர். "2015-ல இங்க தண்ணி நின்னுச்சா?" என்று கேட்காதவர் இல்லை. 2019 கோடையில் லாரிக்காகக் குடங்களோடு விடிய விடியக் காத்திருந்தவர்கள், "போர்ல தண்ணி வருதா, எத்தனை அடி?" என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அடுத்தது யூடிஎஸ், அதாவது நமக்கு எழுதித் தரப்படும் பிரிபடாத நிலப் பங்கு. பிறகு கார் நிறுத்துமிடம், வரப்போகும் மெட்ரோ, பக்கத்துப் பள்ளிக்கூடம். சூப்பர் பில்டப் ஏரியா என்று நூறு சதுர அடிக்கு விலை சொன்னால் காலுக்கடியில் கிடைப்பது எழுபதோ எழுபத்தைந்தோதான் என்பதால், 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வந்த பிறகு, "கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?" என்று கேட்கவும் நாம் கற்றிருக்கிறோம். இவை எல்லாம் நல்ல கேள்விகள். நானும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டேன்.

பட்டியலின் இரண்டாம் பாதிதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல். ஈசானி மூலையில் பூஜையறை. அக்னி மூலையில் சமையலறை. கன்னி மூலையில் குடும்பத் தலைவர் படுக்கும் அறை. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. அதைச் சொன்னதும், அநேகமாக எல்லா விற்பனைப் பிரதிநிதிகளும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "உங்களுக்கு இல்லாம இருக்கலாம் மேடம். நாளைக்கு விற்கணும்னா வாங்குறவங்க கேப்பாங்கல்ல?"

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்தேன். நான் இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள், என்னிடமிருந்து என்றோ வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவர் வந்து எந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவருக்கு வாஸ்து வேண்டும், பூஜையறை வேண்டும், அண்டை வீட்டில் மீன் வாசனை வரக்கூடாது. "ஃபுல்லா வெஜ் ஃபேமிலி மேடம், டீசன்ட் கிரவுட்" என்று ஓரிடத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். இன்னோரிடத்தில், "உங்களுக்கு எந்த ஊர் பக்கம், எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது தமிழ் படித்தவளுக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பிறந்த எவளுக்கும் தெரியும். இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் நம்புகிறோம் என்று யாரும் பொறுப்பேற்றுச் சொல்வதில்லை. வரப்போகிறவர் கேட்பார், அவ்வளவுதான். நம்பாதவர்கள் எல்லோரும் சேர்ந்து, நம்புகிற ஒருவருக்காக நகரம் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? சத்தமாகச் சிரிக்காதே, காலை நீட்டாதே, போகிற வீட்டில் கேட்பார்கள். நம் அம்மாக்களுக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. அவர்களும் முகம் தெரியாத யாருக்காகவோதான் நம்மைத் திருத்தினார்கள். பெண்ணும் வீடும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டார்கள்: அடுத்து வருகிறவர் குறை சொல்லாத அளவுக்கு இருக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போன இடங்களில் கொடுத்த வழவழப்பான விளம்பரக் கையேடுகள் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன. முதுகலை மாணவிகளோடு ஒரு நாள் அவற்றை மேசையில் பரப்பி, ஒரு கவிதைத் தொகுப்பை வாசிப்பதுபோல் வாசித்தோம். எல்லாவற்றிலும் அதே நான்கு பேர்தான் வசித்தார்கள். ஆண் சோபாவில் மடிக்கணினியோடு இருந்தார், அல்லது பால்கனியில் காபிக் கோப்பையோடு. பிள்ளை நீச்சல் குளத்தில். முதியவர்கள் நடைபாதையில். பெண் சமையல் மேடையருகே, எதையோ நறுக்கியபடி, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ஒரு மாணவி படங்களை எண்ணிவிட்டுச் சொன்னாள்: "மேம், எல்லாப் படத்துலயும் எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, இல்லன்னா விளையாடுறாங்க. இவங்க மட்டும்தான் நின்னுக்கிட்டே இருக்காங்க." நான் கவனிக்காததை அவள் கவனித்துவிட்டாள். ஆனால் என் அம்மா அதை ஏற்கெனவே கவனித்திருந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மன்னார்குடிப் பக்கத்துக்காரர். மாதிரி வீடு பார்க்க அழைத்துப் போனபோது அவர் ஹாலையோ பால்கனியையோ பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து மூடினார். மேடையில் கை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தப் பையனிடம், "தம்பி, இங்க ஒரு நாற்காலி போட முடியுமா?" என்று கேட்டார்.

அவன் சிரித்துவிட்டான். "கிச்சன்ல எதுக்கும்மா நாற்காலி?"

அம்மா பதில் சொல்லவில்லை. நான் அளந்து பார்த்தேன். அறையின் அகலம் ஆறடி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு மேடை. நடுவில் இருப்பது இரண்டடி. ஒருவர் நிற்கலாம், திரும்பலாம். இருவர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். கிராமத்து அடுப்படியில் புகை இருந்தது, இருட்டு இருந்தது. ஆனால் அரிவாள்மனையின் மீது ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, இன்னொருத்தியோடு பேசியபடி காய் நறுக்கத் தரை இருந்தது. நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தபோது புகையும் குனிவதும் போயின. அவற்றோடு உட்காருவதும் போயிற்று. முழங்கால் தேய்ந்த ஒருத்தி இன்று தரையிலும் உட்கார முடியாது, நாற்காலியும் போட முடியாது.

அந்த ஆறடி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நாட்டின் கட்டடங்களுக்கு வழிகாட்டும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், சாப்பாட்டறை தனியாக இருக்கும் வீட்டில் சமையலறைக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு 5 சதுர மீட்டர், குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். ஏறக்குறைய ஆறடி. வசிப்பதற்குரிய அறைக்கு அதே தொகுப்பு கேட்பது 9.5 சதுர மீட்டர். ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால், வசிப்பதற்குரிய அறை எது என்ற வரையறையில் விடை இருக்கிறது. படிக்க, வசிக்க, உறங்க, உண்ண மனிதர் புழங்கும் அறை அது. சமையலறை, அதை வசிக்கும் அறையாகவும் பயன்படுத்தினால் மட்டுமே அந்தக் கணக்கில் சேரும். குளியலறை, கழிப்பறை, நடைவழி, நெடுநேரம் புழங்காத இடங்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே.

நெடுநேரம் புழங்காத இடங்கள்! 2019-இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களைக் கொடுக்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். பெண்களின் கணக்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. அந்த நேரத்தின் பெரும்பகுதி நம் வீடுகளில் எந்த அறையில் கழிகிறது என்பதற்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. ஆனாலும் அவள் அங்கே வசிக்கவில்லை. விதித்தொகுப்பை எழுதியவர்கள் பெண்களுக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சமைப்பதை வாழ்வதன் ஒரு பகுதியாக அவர்களுக்கு நினைக்கத் தோன்றவில்லை. அம்மா கேட்ட நாற்காலிக்குச் சட்டப்படியே இடமில்லை.

இதற்கு மாற்றாகத்தான் இப்போது 'ஓப்பன் கிச்சன்' விற்கிறார்கள். சுவர் இல்லை; ஹாலிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். என் மாணவிகள் பலருக்கு இது பிடித்திருக்கிறது. அம்மா தனியாக வெந்துகொண்டிருக்க வேண்டாம், டிவியாவது பார்க்கலாம் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சுவரை எடுத்ததால் ஹாலில் இருப்பவர் எழுந்து உள்ளே வந்ததாக நான் எந்த வீட்டிலும் பார்க்கவில்லை. அவருடைய குரல்தான் வருகிறது: "இன்னும் ஆகலையா?" இன்னொன்றும் இருக்கிறது. மூடிய அடுப்படி சிறையாக இருந்ததுபோலவே, ஆண்களின் காதுக்கு எட்டாமல் பெண்கள் பேசிக்கொண்ட இடமாகவும் இருந்தது. மாமியாரைப் பற்றி, மாதவிலக்கைப் பற்றி, அடி வாங்கியதைப் பற்றி அங்கேதான் பேசினார்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988-இல் அந்த அறையின் இரண்டு முகங்களையும் காட்டியது: அதிகாரம் என்று நம்பவைக்கப்பட்ட அடிமைத்தனம் ஒன்று, அதற்குள்ளேயே பெண்கள் கண்டுகொண்ட நெருக்கம் இன்னொன்று. சுவரை இடிக்கிற கட்டுநர் முதல் முகத்தை அப்படியே வைத்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுத்துப் போகிறார்.

அப்படியென்றால் பெண்ணுக்கான இடம் வீட்டில் எது? சமையலறையில் அவள் நிற்கிறாள். படுக்கையறை இருவருடையது, கன்னி மூலையில் தலைவருடையது. ஹால் எல்லோருடையது. கவிஞர் சல்மா, குடும்பத்துக்குத் தெரியாமல் கழிப்பறையில் நின்றபடி கவிதை எழுதிய காலத்தைப் பற்றித் தானே பேசியிருக்கிறார். உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள அவருக்கு வாய்த்த அறை அதுதான். இந்தச் செய்தியை நாம் எல்லோரும் வியப்போடு மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் மூன்று படுக்கையறை வீட்டின் வரைபடத்தைப் பார்க்கும்போது, மூன்றாவது அறை 'கெஸ்ட் ரூம்' என்று இருந்தால் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆண்டுக்கு நான்கு நாள் வருகிற விருந்தாளிக்கு ஓர் அறை உண்டு.

அறையைக் கேட்பதற்கு முன் உரிமையைக் கேட்க வேண்டும் என்பதை நம் முன்னோடிகள் அறிந்திருந்தார்கள். வர்ஜீனியா வுல்ஃப் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று எழுதிய நூல் வந்தது 1929-இல். அதே 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு தந்தது. அதற்கு முன்பே திருமணமாகிவிட்டவர்களுக்குத் தரவில்லை. அம்மாவுக்கு 1974-இல் கல்யாணம். தாத்தா சம்பாதித்து வாங்கிய கொஞ்ச நிலத்தில் அவருக்கு எப்படியும் பங்கு இருந்தது. 1996-இல் மாமாக்கள் வந்து கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு பட்டுப்புடவை கிடைத்தது. "கையெழுத்துப் போடலன்னா பொறந்த வீட்டு வாசப்படி மூடிடும்டி" என்றார் என்னிடம்.

அந்தக் காகிதத்துக்குப் பத்திரப்பதிவில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது. வீடு என்ற சொல்லும் விடு என்ற வேரிலிருந்துதான் வருகிறது. அறம், பொருள், இன்பம் கடந்து நான்காவதாகச் சொல்லப்படும் வீடும் அதே சொல்தான். வீடு, விடுதலை, விடுதலைப் பத்திரம். தமிழ்த்துறைக்காரிக்கு இப்படியெல்லாம் கண்ணில் பட்டுவிடுகிறது. இன்னொரு சோடியும் உண்டு. இல்லாள் என்றால் மனைவி. இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன். அவளை இல்லத்தோடு சேர்த்த மொழி, அவனை இல்லாமையோடு சேர்த்தது. இல்லக்கிழத்தி என்றும் அவளை அழைத்தது. கிழமை என்றால் உரிமை. சொல்லில் உரிமைக்காரி; பத்திரத்தில்?

பத்திரத்திலும் இப்போது பெண்களின் பெயர் வருகிறது. பெண் பெயரில் கடன் வாங்கினால் பல வங்கிகளில் வட்டி கொஞ்சம் குறைகிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நான் பார்த்த எந்த அடுக்குமாடி வீடும் அந்த 10 லட்சத்துக்குள் வராது என்றாலும், சிறு ஊர்களில் மனை வாங்குகிறவர்களுக்கு உதவும். இவற்றை வரவேற்கிறேன். கூடவே விற்பனை அலுவலகத்தில் கேட்ட ஒரு வாக்கியமும் நினைவுக்கு வருகிறது. என் பக்கத்து மேசையில் இருந்தவர், "ஒய்ஃப் பேர்ல போட்டுக்கலாம் சார், வட்டி குறையும்" என்றதும் தலையாட்டினார். ஒய்ஃப் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள்.

அந்த அலுவலகத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குச் சில நிமிடப் பயணம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அரசு கட்டித் தந்த எட்டடுக்கு வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவையும் புதிதாகக் கட்டிய வீடுகள்தான். ஆனால் அங்கே குடிபோன பெண்களிடம் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று யாரும் கையேடு நீட்டவில்லை. வீடு ஒதுக்கப்பட்டது, லாரியில் சாமான் ஏற்றப்பட்டது. லிஃப்ட் நின்றுபோனால் குடத்தோடு ஏறுவது பெண்கள். பழைய இடத்தில் நடந்து போய்ச் செய்த வீட்டு வேலை, பேருந்துக்குக் காசும் நேரமும் கேட்டதால் பலருக்குக் கைவிட்டுப் போனது. சிலர் இந்தப் புதிய அடுக்குமாடிகளில் வேலைக்கு வருகிறார்கள். ஒரு நாளில் நான்கைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அவர்கள் எங்கே சிறுநீர் கழிப்பார்கள்? நான் கேட்ட இடங்களில் ஒன்றில் மட்டும், "டிரைவர்ஸ் டாய்லெட் கீழ இருக்கு மேடம்" என்றார்கள். என் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கேள்வி முதலில் இல்லை. நானும் கடைசியில்தான் சேர்த்தேன்.

கடைசியில் ஒரு வீடு வாங்கினேன். இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. சமையலறையை ஒட்டிப் பூஜையறை என்று வரைபடத்தில் நாலடிக்கு மூன்றடியில் ஓர் இடம் இருந்தது. இடையில் சுவர் எழுப்ப வேண்டாம், அந்த இடம் சமையலறையோடு சேரட்டும் என்றேன். கட்டுமான இடத்தில் இருந்த பொறியாளர் உண்மையான அக்கறையோடு எச்சரித்தார்: "ரீசேல்ல அடி வாங்கும் மேடம்." அம்மா சாமி கும்பிடுகிறவர், அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் படங்களை எடுத்து மேலே ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். "சாமிக்கு நின்னா கால் வலிக்காது" என்றார்.

கீழே நாற்காலி போட்டோம். மரத்தில், கை வைத்தது.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. குடிவந்த ஒரு வாரத்தில் அந்த நாற்காலியில் வெங்காயக் கூடை ஏறிவிட்டது. அம்மா நின்றபடியே சமைக்கிறார். நானும் காலையில் கல்லூரிக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடியே இட்லியை விழுங்குகிறேன். உட்காருங்கள் என்றால், "இதோ, இந்தத் தாளிப்பு முடியட்டும்" என்கிறார். ஐம்பது ஆண்டு நின்ற கால், இடம் கிடைத்த மறுநாளே மடங்கிவிடாது. அடுத்து வருகிறவருக்காக வீட்டைக் கட்டுகிற பழக்கம் சுவரில் மட்டும் இல்லை, எங்கள் முதுகெலும்பிலும் இருக்கிறது.

வீடு பார்க்கப் போகும் என் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் கட்டாயம் பாருங்கள். தண்ணீரைக் கேளுங்கள். யூடிஎஸ்ஸைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரப்போகிறவளின் கழிப்பறையைக் கேளுங்கள். பிறகு மாதிரி வீட்டின் ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்து பாருங்கள், சமையலறையிலும். உட்கார முடியாத அறையில் உங்கள் ஆயுளின் எத்தனை மணி நேரம் போகும் என்று அங்கேயே கணக்குப் போடுங்கள். எதற்கு என்று கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நான் மாலையில் வீடு திரும்பியதும் அந்தக் கூடையை எடுத்துக் கீழே வைக்கிறேன். காலையில் அது மறுபடியும் மேலே இருக்கிறது. மாலையில் மறுபடியும் எடுத்துக் கீழே வைக்கிறேன்.